கப்பலுக்கு ஒரு பெயர்

எங்கள் சுந்தரபாண்டியபுரத்து வயல்வெளியில் நின்றால் மேற்கே மலை தெரியும், கடல் தெரியாது. ஆயினும் கப்பலைப் பற்றிப் பேச எங்களுக்கும் பாத்தியதை உண்டு. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ. உ. சி., பழைய திருநெல்வேலி ஜில்லாக்காரரே அல்லவா?

"கப்பலுக்குப் பெண்கள் பெயர் வைப்பார்களா, தாத்தா?" என்று சென்ற வாரம் என் பேத்தி கேட்டாள்.

"வைப்பார்கள், அம்மா" என்றேன். போர்த்துக்கீசியரை எதிர்த்து நின்ற உள்ளால் ராணி அப்பக்காவின் பெயருடன் 2012-ல் நம் கடலோரக் காவற்படைக் கப்பலொன்று பணியில் சேர்ந்தது. அமெரிக்காவிலோ, கடற்படைத் தாதியரின் தலைவியாயிருந்த லேனா ஹிக்பீ அம்மையாரின் பெயரை 1945-லேயே ஒரு நாசகாரிக் கப்பல் தாங்கிற்று.

"அப்படியானால் ராணியாக இருக்க வேண்டியதில்லையே!" என்றாள் குழந்தை.

உண்மைதான். 1914-ல் சென்னையில் பிறந்து, வைத்தியம் பயின்று, 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை பூண்ட காப்டன் லக்ஷ்மி, ராணியல்லர். உத்தியோகம் ஏற்ற வீராங்கனை. அவருடன் துப்பாக்கி ஏந்தியவர்களில் பலர் மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். அவர்களுள் பெரும்பாலோரின் பெயரை இன்று சொல்வாரில்லை. அப்பக்கா கப்பல் பணியில் சேர்ந்த அதே 2012-ல் லக்ஷ்மியும் காலமானார்.

சிலையை நாம் தேடிப் போக வேண்டும். கப்பலோ துறைமுகந்தோறும் பெயரைச் சுமந்து செல்லும். ஒரு கப்பலுக்குக் காப்டன் லக்ஷ்மியின் பெயரைச் சூட்டட்டும். பெயர் மறைந்துபோன அந்தத் தோட்டத்துப் பெண்களுக்கும் அது மரியாதையாகும்.