மலையைப் பிளந்த கிராமம்



பிரசவ வேதனை கண்ட பெண்ணுக்கு ஆஸ்பத்திரி எத்தனை மைல் தொலைவில் இருக்கிறது என்பது வெறும் கணக்கல்ல. அது உயிர்ப் பிரச்சினை. இதை உணர்த்தும் ஓர் ஊருக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

இந்தியாவின் பீகார் மாநிலம், கயா மாவட்டத்தில் உள்ளது கெஹ்லோர் எனும் குக்கிராமம். ஊருக்கும் வசீர்கஞ்ச் பட்டணத்துக்கும் நடுவே ஒரு பாறைக் குன்று. அந்தக் குன்றுப் பாதையில் காயமுற்றார் தசரத் மாஞ்சி என்ற ஏழைக் கூலித் தொழிலாளியின் மனைவி பல்குனி தேவி. கணவர் சுத்தியலும் உளியும் எடுத்தார். பைத்தியம் என்று ஊரார் சிரித்தார்கள். அவரோ 1960 முதல் 1982 வரை, 22 ஆண்டுகள் தனியொருவராய்ப் பாறையை உடைத்து, 360 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்ட வழியைத் திறந்தார். அத்ரி, வசீர்கஞ்ச் பகுதிகளுக்கிடையே 55 கிலோமீட்டராக இருந்த தூரம் 15 ஆகக் குறைந்தது. 2007 இல் அவர் காலமானார்.

2011 குடிசன மதிப்பின்படி இந்தியக் கிராமங்களில் வாழ்வோர் 83 கோடிக்கும் அதிகம். 2000 டிசம்பரில் அங்கு பிரதமரின் கிராமப் பாதைத் திட்டம் தொடங்கியது. சமவெளியில் 500 பேர், மலைப்பகுதியில் 250 பேர் வாழும் குடியிருப்புகளே அதில் இடம்பெறத் தகுதியுடையவை. நல்ல திட்டந்தான். ஆனால் தலைக்கணக்கே பாதையைத் தீர்மானிக்கிறது. 499 பேர் வாழும் ஊரில் பிரசவ வலி குறைவாகவா இருக்கும்?

சகோதரிகளே, உங்கள் ஊரின் கடைசி வீட்டுக்குப் பாதை போகிறதா? சற்றே சிந்தியுங்கள்.