வாப்பாவின் ‘பாப்பம்’



வாப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் என்ன கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “பாப்பம்.” அது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. போன் கேட்டாலும் பாப்பம், பூட்ஸ் கேட்டாலும் பாப்பம். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை பாரசீகப் பூனை கேட்டு ஒன்றரை வருடமாகப் பாப்பத்திலேயே நிற்கிறது. (பூனை விஷயத்தில் நாங்கள் வாப்பாவின் பக்கம்.)

எங்கள் தலைமுறைக்கும் வாப்பாமார் தூரத்தில்தான் இருந்தார்கள். 90களில் கடிதமும் கசட்டும்தான். சப்பாத்து வேண்டுமென்றால் கடதாசியில் காலை வைக்கச் சொல்லி, உம்மா பென்சிலால் சுற்றி வரைந்து, அதைக் கடிதத்தோடு மடித்து அனுப்புவார். இரண்டு வருடம் கழித்து வாப்பா லீவில் சப்பாத்தோடு வந்திறங்கும்போது கால் வளர்ந்திருக்கும். சப்பாத்து தம்பிக்குப் போகும். ஆனாலும் அப்போது தாமதத்துக்குக் காரணம் கடல் என்று நினைத்து மனதைத் தேற்ற முடிந்தது. இப்போது வொய்ஸ் மெசேஜ் போன அடுத்த நிமிடம் நீல அடையாளம் விழுகிறது. வாப்பா கேட்டுவிட்டார் என்று பிள்ளைக்குத் தெரியும். அதற்குப் பிறகும் “பாப்பம்” என்றால், வாப்பா தன்னைக் கணக்கெடுக்கவில்லை என்றுதான் பதினைந்து வயதுப் பிள்ளை எடுத்துக்கொள்கிறது.

தரம் 10 படிக்கும் ஒரு மாணவி சைக்கிள் கேட்டாள். (யார் என்று தெரியக் கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். தேட வேண்டாம்.) டியூஷன் வகுப்பு வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றர். உம்மா கண்டிப்பானவர். “பொம்புளப் புள்ள ரோட்டுல சைக்கிள் மிதிச்சிக்கிட்டுத் திரிஞ்சா ஊர் என்ன கதைக்கும்” என்பது அவருடைய பதில். கட்டாரிலிருந்து வாப்பா அனுப்பிய பதில் வேறு: “எல்லாம் ஒனக்குத்தானே மகள், ஊடு கட்டுறன்.”

“ஊடு கலியாணத்துக்கு டீச்சர். வகுப்பு நாளைக்கி இரிக்கி” என்றாள் எங்களிடம்.

அந்தப் பதிலை நன்றிகெட்ட பேச்சு என்று சிலர் சொல்லக்கூடும். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. கிழக்கில் வீடு பெண் பிள்ளைக்கு என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காணி வாங்கி, அத்திவாரம் போட்டு, கம்பி துருப்பிடிக்கத் துருப்பிடிக்க அடுத்த லீவுக்குக் காத்திருந்து கட்டுகிறோம். அதைப் பிள்ளைக்குக் கொடுக்கும் பரிசு என்றும் சொல்கிறோம். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே கட்டி வைக்கிற ஒன்றை, அந்தப் பிள்ளை கேட்ட சின்னச் சாமான் ஒவ்வொன்றுக்கும் பதிலாகக் காட்டுவது சரியா? அவள் வீடு கேட்கவில்லை. பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்காக அவளுக்கு எல்லாம் மறுக்கப்படுகிறது.

அதே வீட்டில் அவளுடைய காக்காவுக்கு ஓ.எல். எழுதும் முன்பே போன் வந்துவிட்டது. அதற்குப் பாப்பம் இருக்கவில்லை. நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களுக்குத் தந்தை ஓர் அன்பளிப்புக் கொடுத்து, நபி (ஸல்) அவர்களை அதற்குச் சாட்சியாக்கப் போன சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோலக் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்ட ஹதீஸ்தான்.

வாப்பாமாரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கட்டாரில் 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1000 ரியால். கொம்பனி தங்குமிடமும் சாப்பாடும் தராவிட்டால் அதற்கு 500, 300 என்று தனியாகத் தர வேண்டும். 2022 தொடக்கத்தில் 55 ரூபா அளவில் இருந்த ரியால் இன்று 80ஐத் தாண்டி நிற்கிறது. அனுப்புகிற காசு கூடியதுபோலத் தெரியும். சீமெந்தும் மாவும் கூடவே விலை ஏறிவிட்டன. ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது என்றால், அந்த வெயில் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். பிள்ளைகள் இதையெல்லாம் அறியமாட்டார்கள். வாப்பா குளித்து, ஏசி அறையில் இருந்துதான் வீடியோ கோல் எடுப்பார். வெள்ளிக்கிழமை கடற்கரையில் எடுத்த போட்டோதான் ஸ்டேட்டஸில் வரும்.

சதவீதம் படிப்பித்த ஒரு நாள் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். சைக்கிள் 40,000 ரூபா, ஒரு ரியால் 80 ரூபா, சம்பளம் 1000 ரியால் என்று வைத்துக்கொண்டால், சைக்கிள் சம்பளத்தில் எத்தனை வீதம்? 50 என்று விடை வந்ததும் ஒரு மாணவன் பிழைத்துவிட்டதாக நினைத்து அழிறப்பரால் அழித்து மறுபடி செய்தான். இரண்டாம் முறையும் 50தான். அவனுடைய வாப்பாவும் கட்டாரில்தான். அதற்குப் பிறகு அன்று அவன் எதுவும் கதைக்கவில்லை.

இந்தக் கணக்கை வீட்டில் சொன்னால் என்ன? பிள்ளையை வெட்கப்படுத்துவதற்காக அல்ல. முடியாது என்றால் ஏன் முடியாது என்று தெரியட்டும், முடியும் என்றால் எப்போது என்று தெரியட்டும். கேட்பதை விட்டுவிட்ட பிள்ளைகளைப் பார்த்துத்தான் நாங்கள் பயப்படுகிறோம். உம்மாமார் அவர்களை “நல்ல புள்ள, ஒண்டும் கேக்கமாட்டாள்” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் வாப்பாவோடு கதைப்பதும் குறைந்திருக்கும். கோல் வந்தால் ஸலாம் சொல்லிவிட்டு போனைத் தம்பியிடம் கொடுத்துவிடுவார்கள்.

சைக்கிள் கேட்டவளின் வாப்பா போன மாதம் ஒரு வெள்ளி இரவு அவளை மட்டும் கூப்பிட்டு, மாதச் செலவை வரி வரியாக வாசித்துக் காட்டியிருக்கிறார். மேல் கொங்கிரீட் போட்டு முடிந்ததும், ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிந்திய சம்பளத்தில் சைக்கிள், புதுசு கிடைக்காது, பழசுதான் என்று சொல்லியிருக்கிறார். அவள் இப்போது தொணதொணப்பதில்லை. கொங்கிரீட் எப்போது என்று மேசன்மாரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உம்மாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் நேற்று எங்களுக்குக் கோல் எடுத்து, முன்னுக்குக் கூடை வைத்த சைக்கிள் என்றால் விலை கூடுமா என்று விசாரித்தார்.