குடிலில் ஒரு பனைமரம்

திருவருகைக் காலம் தொடங்கியதும் அகரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் குடில் வேலை தொடங்கிவிடும். களிமண், வைக்கோல், பனையோலை ஆகியவையே எங்கள் மூலப்பொருள்கள். சில ஆண்டுகளுக்கு முன், வேலைப்பளுவைக் காரணம் காட்டி, திண்டுக்கல் கடைவீதியிலிருந்து வண்ணச் சுரூபங்களை வாங்கி வந்து அடுக்கினோம். அவற்றினிடையே எங்கள் இளைய மகன் தான் செய்த மூன்று மண்பொம்மைகளை வைத்தான்: ஒரு பனைமரம், ஓர் எருமை, தூக்குவாளியுடன் ஒரு பாட்டி. "பெத்லகேமில் எருமை ஏது? பாட்டி ஏது?" என்று சிரித்தவாறே அவற்றை அகற்றினோம். அவன் அழவில்லை. ஆனால், மறு ஆண்டு குடில் கட்ட அழைத்தபோது, "நீங்களே வைங்க, நான் வச்சா தப்பாயிரும்" என்றான்.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்பெற்றது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கைவினைஞர் ஒருவர் அரத்தால் தேய்த்துத் தேய்த்து ஒரு பூட்டை உருவாக்குகிறார். குழந்தையின் மனத்தைப் பூட்டவோ அத்தனை உழைப்பு வேண்டியதில்லை. பெற்றோரின் ஒரு சிரிப்பே போதும் என்பதை அன்று உணர்ந்தோம்.

சற்றே எண்ணிப் பார்ப்போம். நாம் குடிலில் தவறாமல் வைக்கும் மாடும் கழுதையும் லூக்கா எழுதிய பிறப்பு நிகழ்ச்சியில் இல்லை. எசாயாவின் வாக்கைத் தியானித்த பக்தர்களின் கற்பனையே அவற்றைத் தீவனத் தொட்டியருகே நிறுத்தியது. 1223இல் கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொணர்ந்து, இறைமகனின் ஏழ்மையை மக்கள் கண்ணாரக் காணச் செய்தார். இத்தாலியில் பிறந்து தமிழரான வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியில், சூசையப்பர் வாழ்ந்த நாடு நெல்வயல் செழிக்கும் தமிழ் நிலமாகவே காட்சியளிக்கிறது. கோணான்குப்பத்தில் அவர் நிறுவிய பெரியநாயகி அன்னையோ தமிழ்த்தாயின் கோலத்தில் நிற்கிறாள். அவர்களுக்கு உரிமையான கற்பனை நம் பிள்ளைக்கு மட்டும் தவறாகுமா?

தொடக்கநூலில் ஓர் அழகிய காட்சி உண்டு. கடவுள் விலங்குகளை உருவாக்கி, மனிதன் அவற்றுக்கு என்ன பெயரிடுவான் என்று பார்க்க அவனிடம் கொண்டுவருகிறார். எல்லாம் அறிந்தவர், தம் பிள்ளையின் சொல்லுக்காகக் காத்திருக்கிறார்! அவன் இட்ட பெயரே நிலைக்கிறது. நாமோ காத்திருக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

அன்று மாலை மகனை அருகழைத்து, "யாரப்பா அந்தப் பாட்டி?" என்று கேட்டோம். சிறிது தயங்கியபின் சொன்னான்: "பிள்ளை பெத்த வீட்டுல மாதாவுக்கு ஒத்தாசைக்கு யாருமே இல்லையே. அதான் பால் கொண்டு வந்தாங்க."

நாங்கள் பேச்சற்றுப் போனோம். இத்தனை ஆண்டுகள் குடில்முன் முழந்தாளிட்ட எங்களுக்குத் தோன்றாத இரக்கம் அந்த மண்பொம்மைக்குள் இருந்தது.

அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். பின் நாங்களும் களிமண் பிசைய அமர்ந்தோம். பல்லாண்டுகளுக்குப் பின் நாங்கள் செய்த ஆடு நாயைப் போலிருந்தது. அவன் சிரிக்கவில்லை, "இடையருக்குக் காவல் நாய் வேணுமில்ல?" என்று சொல்லி அதற்கும் ஓர் இடம் ஒதுக்கினான்.

வரும் கிறிஸ்து பிறப்புக்கு நம் குடில்களில் வாங்கிய சுரூபங்களும் இருக்கட்டும். ஆனால், பிள்ளைகள் பிசைந்த மண்ணுக்கும், பெரியோர் மறந்துபோன விரல்களுக்கும் சிறிது இடம் விடுவோம். சத்திரத்தில் இடம் கிடைக்காதவருக்கு நாம் தரும் இடம் ஒருவேளை அதுவாகவே இருக்கலாம்.