மழலையர் வகுப்பில் மூச்சும் பரிவும்

நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்குப் பரிவைக் கற்பிக்க முனையும் யோகா ஆசிரியர் முதலில் உணர வேண்டியது, பரிவின் மூலப்பொருள் அக்குழந்தைகளிடம் முன்பே இருக்கிறது என்பதே. பிறந்து ஓரிரு நாளேயான சிசுவுக்கு வேறொரு சிசுவின் அழுகையொலியைக் கேட்கச் செய்தால் அதுவும் அழத் தொடங்குகிறது என்பதை 1976-இல் சாகி, ஹாஃப்மன் ஆகிய உளவியலாளர்கள் பதிவு செய்தனர். இவர்களுள் மார்ட்டின் ஹாஃப்மன், இந்தத் தொற்றழுகையிலிருந்து தொடங்கி, அடுத்தவரின் துன்பம் தன் துன்பத்திலிருந்து வேறானது என்று குழந்தை படிப்படியாகப் பிரித்தறியும் வளர்ச்சியைப் பின்னர் விரிவாக விளக்கினார். அழுகிற தோழனிடம் தன் பொம்மையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒன்றரை வயதுக் குழந்தை, தன்னை ஆற்றுவது அவனையும் ஆற்றும் என்று எண்ணுகிறது. அவனுக்கு வேண்டியது அவனுடைய அம்மா என்று கண்டுகொள்வதற்கு இன்னும் சில காலம் ஆகும்.

பிறர் துன்பத்தைக் காணும்போது எழும் இரண்டு உணர்வுகளை நான்சி ஐசன்பர்க் என்ற ஆய்வாளர் வேறுபடுத்திக் காட்டியிருக்கிறார். துன்பப்படுபவரை நோக்கிச் செல்லும் அக்கறை ஒன்று. அக்காட்சி தனக்குள் எழுப்பும் கலக்கத்தைத் தாங்க முடியாமல் அதிலிருந்து விடுபடத் துடிக்கும் தன்பதற்றம் மற்றொன்று. வகுப்பில் ஒரு குழந்தை விழுந்து அழும்போது இன்னொன்று காதைப் பொத்திக்கொண்டு ஓடுவதும், வேறொன்று சிரிப்பதும், மற்றொன்று விழுந்த குழந்தையையே அடிப்பதும் கல்நெஞ்சின் அடையாளங்கள் அல்ல. அவற்றுள் பல, தாங்கும் அளவைக் கடந்துவிட்ட பதற்றத்தின் வெளிப்பாடுகள். மழலையர் வகுப்பில் யோகாவுக்கு உள்ள உண்மையான வேலை இங்குதான் இருக்கிறது. குழந்தை தன் கலக்கத்தை உடலில் கண்டு, அதைச் சில நொடிகள் தாங்கிக்கொள்ளப் பழகினால், அதன் கவனம் தன்னை விட்டு எதிரே இருப்பவரிடம் செல்வதற்கு இடம் உண்டாகிறது.

இதற்கு உதவும் முழுக்கவனம் என்பது, இப்போது நிகழ்வதை நல்லது கெட்டது என்று தீர்ப்பிடாமல் கவனித்திருக்கும் பயிற்சியாகும். பௌத்த தியான மரபில் வேர்கொண்ட இதனை ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் மன அழுத்தம் தணிக்கும் பயிற்சித் திட்டமாக வகுத்தார். அது பள்ளிகளுக்கு வந்தது பிற்பாடு. பெரியவர்களுக்கான இருபது நிமிட அமர்வைச் சுருக்கிக் குழந்தைகளிடம் கொடுப்பது பயன் தராது. மல்லாந்து படுத்த குழந்தையின் வயிற்றில் ஒரு கூழாங்கல்லையோ துணிப்பொம்மையையோ வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்க்கச் சொன்னால், ஓரிரு நிமிடம் குழந்தை மூச்சுடன் இருக்கும். அந்த வயதில் அதுவே போதுமானது. வண்டைப் போல் ரீங்கரிக்கும் பிராமரி என்னும் மூச்சுப் பயிற்சி அதைவிட எளிதில் பிடிபடும், ஏனெனில் ஒலியெழுப்பும் மகிழ்ச்சியிலேயே வெளிமூச்சு தானாக நீள்கிறது, மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பும் சற்றே தணிகிறது. கும்பகம் எனப்படும் மூச்சடக்கலை இவ்வயதில் அறவே தவிர்க்க வேண்டும். கண்ணை மூடியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கூடாது. மூடினால் அஞ்சும் குழந்தை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

திருமூலரும் பதஞ்சலியும் யோகத்தின் எட்டு உறுப்புகளின் வரிசையில் கொல்லாமை, பொய்யாமை முதலியவற்றைக் கொண்ட இயமத்தை முன்னும் ஆசனத்தைப் பின்னும் வைத்தனர். மழலையர் வகுப்பில் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது, ஏனெனில் அகிம்சை பற்றிய சொற்பொழிவு ஐந்து வயதுக் குழந்தையின் காதோடு நின்றுவிடும், உடல் வழியே சென்றது தங்கும். சென்னையில் நெடுங்காலம் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரின் மரபில் வளரும் பிள்ளைகளுக்கு உரியதாகச் சொல்லப்படும் முறை சிருஷ்டி க்ரமம். அதில் துள்ளலும் தாவலும் விரைவான தொடர் அசைவுகளும் மிகுதி. அசைவு தீர்ந்த உடலில்தான் அமைதி நிற்கும் என்பதால், வந்தவுடனே சம்மணமிட்டு உட்காரச் சொல்வதைக் காட்டிலும் தவளையாகத் தாவவிட்டுத் தொடங்குவதே உகந்தது.

விலங்கு ஆசனங்களில் வடிவத்தோடு நின்றுவிடுவது பெரும் இழப்பு. பூனையைப் போல் முதுகை வளைத்த குழந்தையிடம், இந்தப் பூனை எதைக் கண்டு பயப்படுகிறது, அதன் பக்கத்தில் யார் வந்தால் அதற்குப் பிடிக்கும் என்று கேட்டால், குழந்தை வேறொரு உயிரின் இடத்திலிருந்து பதில் தேடத் தொடங்குகிறது. விருட்சாசனம் எனப்படும் மரநிலை இன்னும் வளமானது. தனித்தனியே ஒற்றைக்காலில் நின்றால் அது சமநிலைப் பயிற்சி. வட்டமாக நின்று பக்கத்தவரின் உள்ளங்கையோடு உள்ளங்கை பொருத்தினால் ஒருவர் தடுமாறும்போது அது இருபுறமும் பரவி வட்டமே ஆடுகிறது. முதல் முறை விழுந்த குழந்தையைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள், சிலர் குற்றமும் சாட்டுவார்கள். அப்போது கண்டிப்பதற்குப் பதிலாக, அவள் ஆடியபோது உன் கையில் என்ன தெரிந்தது என்று பக்கத்தில் நின்ற குழந்தையிடம் கேட்பதே நுட்பமான கற்பித்தல். சில வாரங்களில் தோழி சாயப்போவதை முன்கூட்டியே உணர்ந்து கையை அழுத்திக் கொடுக்கும் குழந்தைகளைக் காணலாம். எவரும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். இருவர் முதுகோடு முதுகு ஒட்டி அமர்ந்து அடுத்தவரின் மூச்சை உணரும் பயிற்சியும் இவ்வகையினதே. அதற்கு முன் தொடலாமா என்று கேட்பதும், வேண்டாம் என்ற பதிலை முகம் சுளிக்காமல் ஏற்பதும் பயிற்சியின் பாதி.

தமிழ்நாட்டில் குழந்தைகள் யோகா என்றாலே மேடையும் கோப்பையும் உடலை வில்லாக வளைக்கும் சாகசமும் நினைவுக்கு வருமளவுக்குப் போட்டிகள் பெருகியுள்ளன. அவற்றில் ஈடுபடும் பிள்ளைகளின் உழைப்பு மதிக்கத்தக்கது. ஆயினும் பக்கத்துப் பாயில் இருப்பவர் தன்னைவிட எவ்வளவு வளைகிறார் என்று பார்க்கப் பழகிய கண்ணுக்கு, அவர் எப்படி இருக்கிறார் என்று பார்ப்பது கடினம். பரிவை நோக்கமாகக் கொண்ட வகுப்பில் முதல் பரிசுக்கு இடமே இல்லை.

சண்டைக்குப் பின் “சாரி சொல்லு” என்று நெருக்குவதும் இதே வகையில் பயனற்றது, ஏனெனில் அதில் குழந்தை கற்பது தப்பிக்கும் வழியை மட்டுமே. அதற்கு மாறாக, 1996-இல் டொரண்டோவில் மேரி கார்டன் தொடங்கிய திட்டமொன்றில், கைக்குழந்தை ஒன்று பெற்றோருடன் வகுப்பறைக்கு வருகிறது. அது இப்போது என்ன உணர்கிறது, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். அதில் யோகா இல்லாவிட்டாலும் அந்தக் கேள்விமுறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நம் குழந்தைகள் வயிற்றைக் கலக்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று உடலை வைத்தே பேசுவதால், இரு தரப்பினரும் மூச்சைச் சற்று ஆற்றிக்கொண்ட பிறகு, உனக்கு எங்கே என்ன செய்கிறது, அவனுக்கு எங்கே செய்யும் என்று கேட்டால் பதில் கிடைக்கிறது.

இவை எல்லாம் எவ்வளவு பலன் தரும் என்பதில் நிதானம் வேண்டும். விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 68 மழலையரிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரக் கனிவுப் பாடத்திட்டத்தில் சேராத குழந்தைகளிடம் ஸ்டிக்கர்களைப் பகிராமல் தமக்கே வைத்துக்கொள்ளும் போக்கு நாளடைவில் கூடியது. பயின்றவர்களிடம் அவ்வாறு நிகழவில்லை. மாறாக, பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட வளரிளம் மாணவரிடம் நடந்து 2022-இல் வெளியான பெரிய ஆய்வில், பள்ளி முழுக்கவனப் பயிற்சி வழக்கமான சமூக-உணர்வுக் கல்வியை விஞ்சவில்லை. அந்த ஆய்வு அளந்தது மனநலத்தை, இக்கட்டுரை பேசுவது பரிவை, வயதும் வேறு. எனினும் பெற்றோரிடம் பெரிய வாக்குறுதி அளிக்கும் ஆசிரியர் இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டவர். வகுப்பின் விளைவை அறிய விரும்புபவர் சவாசனத்தில் கிடக்கும் குழந்தைகளைப் பார்ப்பதால் பயன் அதிகமில்லை. மதிய உணவு வரிசையில் ஒரு தட்டு கவிழ்ந்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கவனிப்பதே அவருக்குக் கூடுதலாகச் சொல்லும்.