இலக்கில் கருவியின் பெயர் எதற்கு?

ஜூனில் பள்ளி திறந்ததும், தொழில்நுட்பத்தில் ஆர்வமுள்ள ஆசிரியர்கள் பலர் அந்த ஆண்டுக்கென்று இலக்கு வைத்துக்கொள்வது வழக்கம். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைப் பழகுவது, ஸ்மார்ட் வகுப்பறையை வாரம் இரண்டு முறையாவது பயன்படுத்துவது, அரசின் கல்வி இணையதளமான திக்‌ஷாவில் நாலு பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்குவது என்று அந்தப் பட்டியல் போகும். நல்ல இலக்குகள்தான். ஆனால் அவற்றில் பிள்ளை எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பணித்திறன் வளர்ச்சி வேண்டும் என்கிறது. மணி எண்ணச் சுலபம், அதனால் எண்ணுகிறோம். வளர விரும்பும் ஆசிரியர் தன் இலக்கில் கருவியின் பெயரை எழுதவே கூடாது என்பது என் கட்சி. எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்பதை எழுத வேண்டும். கருவி அதற்குப் பிறகு வரட்டும், வராமலும் போகட்டும்.

இது பழமைவாதம் இல்லை. பெரு நாட்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகளை வாரி வழங்கினார்கள். ஆய்வுக்கு எடுத்த பள்ளிகளில் பிள்ளைக்கு ஒன்றுக்கு மேலேயே இருந்தது. 2012-இல் வெளிவந்த அந்த ஆய்வு, 15 மாதங்கள் கழித்தும் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை என்றது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடந்த ஆய்வு நேர்மாறானது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். காரணம் திரையின் பளபளப்பு அல்ல. அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் ஒவ்வொருவரும் நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்தே தொடங்கியது. கூடவே சிறு குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தார். இரண்டு இடத்திலும் கணினி இருந்தது. பிள்ளையின் தடுமாற்றம் எது என்ற கேள்வி ஓரிடத்தில்தான் இருந்தது.

கருவியை நம்பாமலும் பிள்ளைகள் முன்னேறலாம் என்பதற்கு விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய ஒரு திட்டமே சாட்சி. கொரோனா கால கற்றல் இழப்பை ஈடுகட்டத் தமிழக அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். ஒரு தன்னார்வலர், இருபது பிள்ளைகள். தமிழகக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஓர் ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் 24 விழுக்காடு இந்தத் திட்டத்தால் என்றும் கணித்தது. அது திரையை நம்பிய திட்டம் அல்ல. தொழில்நுட்பம் இருக்கிற உதாரணமே வேண்டுமென்றால், ஆரோவில்லைச் சேர்ந்த உதவி, இசை அம்பலம் ஆகிய பள்ளிகளில் உள்ள ஸ்டெம் லேண்ட் என்ற கற்றல் கூடத்தைப் பார்க்கலாம். சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் அங்கே ஸ்கிராட்ச், ஜியோஜீப்ரா போன்ற மென்பொருள்களையெல்லாம் கையாளுகிறார்கள். ஆனால் என்ன கற்கப் போகிறோம் என்பதைப் பிள்ளைகளே திட்டமிட்டு, முடிந்ததா என்று அவர்களே பார்க்கிறார்கள். இலக்கு வைக்கும் வேலை பிள்ளையிடமே போய்விட்டதால், கருவி தானாகவே இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிடுகிறது.

கருவியே கைக்கு வராமல் அதை வைத்து என்ன செய்ய முடியும், முதலில் பழக வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பழகத்தான் வேண்டும், ஆனால் ஒரு காரியத்துக்காகப் பழகுவதே நிலைக்கும். 1/3, 1/4 இரண்டில் எது பெரிது என்றால் ஆறாம் வகுப்பில் சில பிள்ளைகள் 1/4 என்பார்கள்; மூன்றைவிட நாலு பெரிதல்லவா! ஜியோஜீப்ராவில் ஒரு பட்டையை வரைந்து, நகர்த்தியை இழுத்தால் பகுதி 3, 4, 5 என்று ஏற ஏற வண்ணத் துண்டு சுருங்கும். ஆசிரியரே இழுத்துக் காட்டினால் அது டிவி. இழுப்பதற்கு முன், துண்டு பெரிதாகுமா சிறிதாகுமா என்று பிள்ளையைச் சொல்லவிட்டு, பிறகு அவள் கையால் இழுக்கவிட்டால் அது பாடம். இதே வேலையைச் செய்தித்தாள் பட்டையை மடித்தும் செய்யலாம். நாலாக, எட்டாக மடிப்பது எளிது, பதினொன்றாக மடிக்கச் சொன்னால்தான் திணறும். அந்த இடத்தில்தான் மென்பொருளுக்குக் கூலி கொடுக்கலாம். “செப்டம்பருக்குள் இந்தக் குழப்பம் தீர்ந்திருக்க வேண்டும்” என்று எழுதிய ஆசிரியருக்கு எது காகிதம், எது திரை என்று தீர்மானிக்கும் உரிமை கிடைக்கிறது. “ஜியோஜீப்ரா கற்பேன்” என்று எழுதியவர் காகிதம் போதுமான இடத்திலும் கணினியைத்தான் திறந்தாக வேண்டும்.

பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவேற்றம், பயிற்சி, தேர்வு என்று நாள் முழுக்க ஓடுகிறவரிடம் போய்ப் பிள்ளைக்குப் பிள்ளை குழப்பத்தைக் குறிக்கச் சொல்வதா என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. முப்பது பேருக்கும் குறிக்க முடியாது, குறிக்கவும் வேண்டாம். பருவத்துக்கு ஒரே ஒரு குழப்பம், அதில் மாட்டிக்கொண்ட ஐந்தாறு பேர், நோட்டில் அரைப்பக்கம் போதும். மேலதிகாரிக்கு இதை எப்படிக் காட்டுவது என்பதுதான் உண்மையான சிக்கல், ஏனென்றால் சான்றிதழைக் கோப்பில் வைக்கலாம், தீர்ந்துபோன குழப்பத்தை வைக்க முடியாது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களும் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் அந்த அரைப்பக்கத்தைப் படித்துக்காட்டப் பத்து நிமிடம் ஒதுக்கினால், பக்கத்துப் பள்ளி ஆசிரியர் தன் வகுப்பிலும் அதே ஐந்தாறு பேர் இருப்பதாகச் சொல்லக்கூடும். அன்றைக்கு எந்தச் செயலியைப் பற்றிப் பேசுவது என்பதை அதன் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.