பிரிந்தாரா, பிரிக்கப்பட்டாரா?

ஒன்றாயிருந்தது இரண்டாவதைச் சொல்லத் தமிழிலே சொற்பஞ்சம் இல்லை. உடைதல், பிளத்தல், பிரிதல் மூன்றும் ஒரே பொருளன என்று மாணாக்கர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. உடைந்த பானையின் ஓடு பானையாகாது. பிளந்த விறகு மீண்டும் மரமாகாது. பிரிந்ததோ தன் உருக் கெடாமல் நிற்பது. மறுபடியும் சேரலாம் என்ற நம்பிக்கை அச்சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. தாலியைப் பிரிப்பதும் திரும்பக் கோப்பதற்காகவே அன்றோ?

அகப்பொருள் இலக்கணம் வகுத்தோர் பிரிவைப் பாலைத் திணைக்கு உரியதாக்கினர். கல்வி, தூது, போர், பொருள் ஆகியவற்றின் பொருட்டுத் தலைவன் பிரிவான் என்றனர். ஒப்பந்தத்தாற் பிரிவது அவர்கள் பட்டியலில் இல்லை.

அது நம் மலைநாட்டிலே நிகழ்ந்தது. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். குடியுரிமையற்ற இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். ஏட்டிலே இது வெறும் வகுத்தற் கணக்கு. உடப்புசல்லாவை லயங்களிலோ, ஒரு வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மற்றவருக்கு இலங்கைப் பிரசாவுரிமை. கோச்சியேறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம்.

இதிலே நம்மை உறுத்துவது ஒரு வினைச்சொல். "அண்ணன் குடும்பம் பிரிஞ்சு போச்சு" என்றே முதியோர் இன்றும் சொல்கின்றனர். "பிரிச்சிட்டாங்க" என்பார் குறைவு. தன்வினை, பிறவினை நடத்தும்போது இவ்வுதாரணத்தையே நாம் தருவது வழக்கம். "அப்படியானால் எங்கள் பாட்டி சொல்வது பிழையா?" என்று ஒரு மாணவி கேட்டாள். இலக்கணத்திலே பிழையில்லை, வரலாற்றிலேதான் எழுவாய் குறைகிறது என்றோம்.

தோட்டத்து மேற்பிரிவு, கீழ்ப்பிரிவும் பிரிவுதான். அவற்றால் எவரும் அழுததில்லை.

கடிதத்தையும் பிரிக்கிறோம். நாம் சிறுவராயிருந்த நாளில், அடுத்த லயத்து மூதாட்டி ஒருவருக்குக் கூடலூர்த் தேயிலைத் தோட்டத்திலிருந்து கடிதம் வரும். எழுத்தறியாத அவர் அதை இரண்டு நாள் முந்தானையிலே முடிந்து வைத்திருப்பார். பின்பு நம்மிடம் நீட்டி, "பிரிச்சுப் படி தம்பி, ஓரம் கிழியாம" என்பார்.