கழிக்கக் கூடாத தொகை

அமெரிக்காவில் பள்ளியிறுதி வகுப்பு மாணவர்களுக்கு மார்ச், ஏப்ரல் மாதங்களில் கல்லூரிகளிலிருந்து இரு செய்திகள் வருகின்றன: ஒன்று, இடம் கிடைத்ததைத் தெரிவிக்கும் சேர்க்கை அறிவிப்பு, மற்றொன்று, படிப்புச் செலவில் எவ்வளவு தொகை எவ்வழியில் கிடைக்கும் என்று கூறும் நிதியுதவி மடல். பெரும்பாலான கல்லூரிகள் மே 1-க்குள் முடிவைக் கேட்பதால், முதற்செய்தியின் மகிழ்ச்சியில் இரண்டாவதை மேலோட்டமாகப் படித்துவிடும் குடும்பம், அதன் விளைவைப் பல ஆண்டுகள் சுமக்க நேர்கிறது.

இன்றைய நிதியுதவி முறைக்கு அடித்தளம், அதிபர் லிண்டன் ஜான்சன் தாம் பயின்ற டெக்சாஸ் மாநிலக் கல்லூரியிலேயே 1965 நவம்பர் 8 அன்று கையெழுத்திட்ட உயர்கல்விச் சட்டமாகும். ‘ஃபாஃப்சா’ எனப்படும் அரசு விண்ணப்பத்தில் தரப்படும் வருமான, சேமிப்பு விவரங்களிலிருந்து ‘மாணவர் உதவிக் குறியீடு’ என்னும் எண் கணிக்கப்படுகிறது. அது குறையக் குறைய உதவிக்கான தகுதி கூடுகிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உரிய, திருப்பிச் செலுத்த வேண்டாத ‘பெல் மானியம்’ 2025–26 கல்வியாண்டில் அதிகபட்சமாக 7,395 டாலர்.

இடர் தொடங்குவது மடலின் கூட்டுத்தொகையில்தான். மானியம், கல்லூரியின் உதவித்தொகை, வளாக வேலைக்கான ஊதியம், வட்டியுடன் திருப்ப வேண்டிய கடன் ஆகிய நான்கும் ‘உதவி’ என்ற ஒரே தலைப்பின் கீழ்ப் பல மடல்களில் கூட்டிக் காட்டப்படுகின்றன. மொத்தச் செலவிலிருந்து மானியத்தையும் உதவித்தொகையையும் மட்டும் கழித்தால் எஞ்சுவதே ‘நிகரச் செலவு’. கடனையும் சேர்த்துக் கழித்தால் செலவு குறைந்ததுபோல் தோன்றுமேயன்றிக் குறைவதில்லை. எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 60,000 டாலர் கேட்டு 42,000 மானியமாக அளிக்கும் தனியார் கல்லூரி, 30,000 கேட்டு 6,000 மட்டும் அளிக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தைவிட 6,000 டாலர் மலிவானது. எனவே கட்டணப் பட்டியலைக் கண்டு அஞ்சி ஒதுங்குவதும், புகழைக் கண்டு மயங்கிச் சேர்வதும் ஒரே பிழையின் இரு வடிவங்களே. ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டிய நிகரச் செலவுக் கணிப்பானை விண்ணப்பிக்கும் முன்பே பயன்படுத்தலாம். சமுதாயக் கல்லூரியில் ஈராண்டு குறைந்த கட்டணத்தில் பயின்று, பின்னர் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டம் பெறும் வழியும் மதிப்புக் குறைந்ததன்று.

தமிழ்க் குடும்பங்களில் எச்-1பி பணி விசாவில் வாழ்வோரின் நிலை இன்னும் கடினமானது. நிரந்தர வசிப்புரிமை அட்டை கிடைக்கும்வரை, எச்-4 விசாவில் வளரும் அவர்களின் பிள்ளைகளுக்குக் கூட்டாட்சி அரசின் மானியமோ கடனோ கிடையாது. 21 வயதில் அவ்விசாவும் முடிந்துவிடுவதால், படிப்பின் நடுவில் மாணவர் விசாவுக்கு மாறிக் கூடுதல் கட்டணம் செலுத்தவும் நேரலாம். இவர்கள் கல்லூரியின் சொந்த உதவித்தொகையையும், மாநிலவாசிக்குரிய குறைந்த கட்டணம் எச்-4 பிள்ளைக்கும் பொருந்துமா என்பதையும் முன்னரே விசாரித்தறிவது இன்றியமையாதது.

பணக்கவலை பிள்ளைக்குத் தெரியக் கூடாது என எண்ணுவது தமிழ்ப் பெற்றோரின் அன்பு. ஆயினும் அரசின் இளநிலைக் கல்விக் கடன் மாணவரின் பெயரிலேயே எழுதப்படுகிறது. முதலாண்டில் 5,500 டாலர்வரை கடனேற்றுக் கையெழுத்திடப்போகும் பிள்ளைக்கு, வீட்டின் வருவாயையும் அக்கடனின் மாதத் தவணையையும் விண்ணப்பத்துக்கு முன்பே எடுத்துரைப்பதும் அவ்வன்பின் கடமையேயாகும்.